நாற்பத்தெட்டு வோல்ட் தீர்மானம்

நாகரிகம் நதிக்கரைகளில் பிறந்தது என்று படித்திருக்கிறோம். ஆனால் அது முழுமையடைந்தது நிந்தவூரில், கமக்காரர் நலன்பேண் மன்றம் ஒரு மிக்ஸர் வாங்கிய அன்றைக்குத்தான். விவசாயிகளின் அந்த மன்றத்துக்குத் தலைவரான இஹ்ஸானுக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

‘மிக்ஸர் திறப்பு விழா’ என்று அவர் அழைப்பிதழ் அடித்ததால், தேத்தண்ணியோடு கொறிக்க ஏதோ கிடைக்கும் என்று வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் காட்டப்பட்டது, மைக் சத்தங்களைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும், குமிழ்களும் துளைகளும் நிறைந்த ஒரு கறுப்புப் பெட்டி. அதில் 48 என்று எழுதிய பொத்தான் ஒன்று. அதை அமத்தினால் சிவப்பு வெளிச்சம் எரியும். அது எரிந்தால்தான் மேடையில் இருந்த புது மைக் கதைக்கும். மிக்ஸரில் இருந்து வயர் வழியாகக் கரண்ட் குடிக்கிற வகை மைக் அது. விழாவில் யாருடைய கையோ பட்டுப் பொத்தான் அணைந்துபோக, தலைவரின் உரை பாதியில் அறுந்தது. சபை பலமாகக் கைதட்டியது. உரை முடிந்துவிட்டதாக நினைத்துத் தட்டினார்கள் என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

உடனே அவசரக் கூட்டம். அந்தக் கரண்டுக்கு ‘ஃபாண்டம் பவர்’ என்று பெயர் என்றும், தமிழில் ‘பேய் மின்சாரம்’ எனலாம் என்றும் ஆங்கில ஆசிரியர் அப்துல் ஹமீட் விளக்கினார். இது வெளியில் தெரிந்தால் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் பேயோடு சேர்த்து மன்றத்தின் பெயரும் வரும் என்று ஒரு உறுப்பினர் பயந்தார். பவர் என்றால் அதிகாரமும்தானே என்று தலைவர் நெடுநேரம் யோசித்து, ‘மறைமுக அதிகாரம்’ என்று பெயரிட்டார். எல்லாருக்கும் பழகிய சொல்லாக இருந்ததால் எதிர்ப்பு எழவில்லை. மறைமுக அதிகாரத்தை எக்காரணம் கொண்டும் அணைக்கக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, பொத்தானின் மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினார்கள்.

அது மழை குறைந்த சிறுபோகக் காலம். வாய்க்காலின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. கடைசி வயலுக்கும் தண்ணீர் வரும் என்று முன்பு நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர் வாய்க்கால் கட்டின் மேல் நின்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவருக்குக் குடை பிடித்தவர் இஹ்ஸான். அந்த வாக்கைத் தன் போனில் பதிந்துகொண்டவர் றுமானா. கடைசி வயலே அவருடையதுதான். இப்போது பயிர் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் வாடி நிற்க, அப்படி எதுவும் தான் சொல்லவில்லை என்றார் பொறியியலாளர்.

ஆகவே பொதுக்கூட்டம். பொறியியலாளர் முன்னிலையிலேயே பதிவை ஒலிபரப்ப ஏற்பாடு. ‘ஆதாரத்தின் இரகசியத்தன்மை’ பேணப்பட வேண்டும் என்று மன்றம் கேட்டுக்கொண்டதால், றுமானா அதை யாருக்கும் அனுப்பி வைத்திருக்கவில்லை.

வரவேற்புப் பாட்டுக்கு ஆலையடிவேம்பில் இருந்து கீபோர்ட்டோடு வந்திருந்தார் கிருஷாந்தன். டேப்பின் ஓரத்தில் சிவப்பு வெளிச்சம் கசிவதைக் கண்டதும் தன் வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் பொத்தான் மைக் துளைகள் எல்லாவற்றுக்கும் நாற்பத்தெட்டு வோல்ட் அனுப்புகிறது, கீபோர்ட்டும் போனும் சத்தத்தை வெளியே கொடுக்கப் பிறந்தவை, கரண்டை உள்ளே வாங்க அல்ல என்று தலைவரிடம் சொன்னார். சத்தத்தைக் குறைத்து, பொத்தானை அணைத்து, கொஞ்சம் பொறுத்துச் செருக வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸரின் பின்னால் கரண்ட் வராத துளை இருக்கிறது, அதற்கான வயர் தன் வேனில் கிடக்கிறது, எடுத்து வருகிறேன் என்றார்.

இஹ்ஸான் மேடையைப் பார்த்தார். பொறியியலாளர் கதைத்துக்கொண்டிருந்தார். பொத்தானை அணைத்தால் அவருடைய மைக் செத்துவிடும். பொறியியலாளரின் தயவில் வாய்க்கால் திருத்தும் வேலை தன் மச்சானுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கும் ஒருவர் அதை எப்படிச் செய்வார்? வயர் வரும்வரை பொறுக்கவும் அவருக்கு மனமில்லை.

“தம்பி, பொத்தான அமத்தலாம். தீர்மானத்த அமத்தேலாது” என்றார்.

றுமானாவின் போனை வாங்கித் தன் கையாலேயே மைக் துளை வயரில் செருகினார். ஸ்பீக்கர் ‘படார்’ என்றது. முன்வரிசை குனிந்தது. போன் ஒருமுறை மின்னிக் கறுத்தது. பிறகு எவர் அமத்தியும் அது கண் திறக்கவில்லை.

தானும் கேட்க ஆவலாக இருந்ததாகச் சொல்லிப் பொறியியலாளர் பெருமூச்சு விட்டார். இஹ்ஸானும் கவலைப்பட்டார். கவலைக்குக் கீழே சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. அதை அவர் கவனிக்காமல் விட்டார். அந்த இடத்திலேயே தன் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, போனுக்குத் ‘தாங்கும் சக்தி போதாது’ என்று இடைக்கால அறிக்கையும் வாசித்தார்.

றுமானா எழுந்து மேடைக்கு வந்தார். தலைவரை அண்ணன் முறையில் காக்கா என்றே அழைத்தார், குரல் உயரவில்லை.

“போன் போனாப் போகட்டும் காக்கா. அண்டைக்கு அவர் செல்லக்குள்ள நீங்க பக்கத்திலதானே நிண்டீங்க. மைக் நல்லா வேல செய்யிது. நீங்களே செல்லுங்க.”

அன்று கேட்டதைச் சொல்லும்படி மைக்கை அவர் பக்கம் திருப்பிவிட்டு ஓரமாக நின்றார்.

இஹ்ஸான் தொண்டையைச் செருமினார். பொறியியலாளரைப் பார்த்தார். கடைசி வயல்காரர்களைப் பார்த்தார்.

“ஹலோ... மைக் டெஸ்டிங்” என்றார்.

பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த மைக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. மிக நுட்பமானது, எச்சில் விழுங்குவதைக்கூட விடாமல் பிடிக்கும். தலைவர் வாய் திறக்காததை, பின்வரிசையில் இருந்தவர்கள்கூட மிகத் தெளிவாகக் கேட்டார்கள்.