பசை காயும் வரை

உடைந்த பக்கக் கண்ணாடி அவள் உள்ளங்கையில் கிடந்தது. கொசு இறக்கை அளவுதான் இருக்கும்.

"கடவுளே, நான் தொடவே இல்லையே!" என்றாள். கடவுளிடம் பொய் சொல்வது நன்றாக இல்லை என்று பட்டதும், "லேசாத்தான் தொட்டேன்" என்று திருத்திக்கொண்டாள்.

அலமாரியில் நின்ற சிவப்புக் காருக்கு இப்போது ஒரு காதுதான் இருந்தது. முழுக் காரே ஒரு சாண் நீளம். உள்ளே இரண்டு இருக்கை, திரும்புகிற ஸ்டியரிங், திறக்கிற கதவு. அவள் கணவர் நான்கு மாதமாக லென்ஸும் இடுக்கியுமாகக் குனிந்து உட்கார்ந்து, பெட்டியில் வந்த துண்டுகளை ஒட்டிச் செய்த வண்டி. தூசு தட்ட வந்த இடத்தில் துணியின் ஓரம் பட்டுவிட்டது.

வேறு யாருடைய கணவராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். இவர் முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இன்றைக்கும் செய்தித்தாளைப் பென்சிலோடுதான் படிப்பார். தெருவில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர். யார் என்ன பேச ஆரம்பித்தாலும் ஒரு 'ம்' சொல்லி முடித்துவிடுவார்.

அவளுக்குப் பெயர் 'டெலிபோன் அக்கா'. இருபத்தாறு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஊரையெல்லாம் பேசவைத்தவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை நான்கு நிமிஷம் பேசுவான். மற்ற நாட்களில் ரேடியோ பேசும், அவள் பதில் சொல்வாள். கணவர் தன் சின்ன அறையில் இருப்பார். அந்த அறைக்குள் வராதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே ஒரே ஒரு நாற்காலி இருந்தது, அவ்வளவுதான்.

அவர் நடைப்பயிற்சியிலிருந்து திரும்ப இன்னும் இருபது நிமிஷம். சமையலறை இழுப்பறையில் செருப்பு ஒட்ட வாங்கிய அவசரப் பசை இருந்தது. ஒரு சொட்டு பிதுக்கினாள். மூன்று சொட்டு வந்தது. கண்ணாடி ஒட்டிக்கொண்டது. கூடவே அவள் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டது.

இழுத்துப் பார்த்தாள். விரலோடு காரும் வந்தது.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொடியில் கிடந்த துண்டை உருவிக் கை முழுவதும் சுற்றிக்கொண்டாள்.

"கையில என்ன?" என்றார் அவர்.

"சுளுக்குங்க."

"கட்டு பெரிசா இருக்கே."

"சுளுக்கும் பெரிசு."

"ம்" என்று குளிக்கப் போனார்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கையை ஊறவைத்தபின் விரல் விட்டுக்கொடுத்தது. ஆனால் பசையின் ஆவி பட்டு வண்டியின் முன் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. கதவின் சிவப்பில் அவள் விரல் ரேகை, பத்திரத்தில் வைத்ததுபோல் அச்சாக விழுந்திருந்தது.

ரேகையை மறைக்க, மருமகள் எப்போதோ விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சைத் தடவினாள். அடியில் இருந்த பெயிண்ட் பாலாடைபோல் சுருங்கியது. இனித் தன் அறிவை நம்புவதற்கில்லை என்று, வண்டியின் நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த குட்டிக் கார் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய கனத்த மனிதர்.

"வாங்கம்மா. வீட்ல யாரு வண்டி கட்டறாங்க?"

"நான்தான் தம்பி" என்றாள், மேலே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரிந்தே.

நடந்ததைச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தன் சொந்தக் காரே அடிபட்டதுபோல் முகத்தைச் சுளித்தார்.

"அவசரப் பசையக் கண்ணாடி பக்கமே கொண்டுபோகக் கூடாதும்மா. இந்த வெள்ளைப் பசை எடுத்துக்குங்க, காஞ்சா கண்ணுக்கே தெரியாது. நேராப் பிதுக்காதீங்க. பல்குச்சி நுனியில தொட்டு வைங்க."

"வெளுத்துப்போன கண்ணாடிக்கு?"

"பற்பசை. பஞ்சுல தொட்டு வட்ட வட்டமாத் தேயுங்க."

"சுருங்கின கதவுக்கு?"

"இருக்கறதுலயே நைஸான உப்புத்தாள், தண்ணியில நனைச்சு. அப்புறம் மெல்லிசா மூணு பூச்சு. தடியா ஒரே பூச்சு அடிச்சா வழிஞ்சிடும். பூச்சுக்குப் பூச்சு கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. இந்த வேலையில பாதி, சும்மா உக்காந்திருக்கறதுதாம்மா."

"எவ்வளவு நேரம்?"

"நாளைக் காலைவரைக்கும் வேற யார் கையும் படக் கூடாது."

மதியம் கணவர் ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் சமையல் மேடைமேல் அறுவை சிகிச்சை முடிந்தது. பெயிண்ட் காயாத வண்டியைத் தட்டில் ஏந்திக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். அவர் எழுந்து அறைக்கு வருவதற்குள் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு தட்டு பீன்ஸோடு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் வாசலிலேயே நின்றார்.

"இங்கயா?"

"சமையலறையில புழுக்கமா இருக்குங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார். "பற்பசை வாசனை வருதே."

"பல் தேய்ச்சேன்."

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"பல்லுக்கு மணி பாக்கத் தெரியுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். அவர் கண் அலமாரிப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் ஏதாவது பேச வேண்டியிருந்தது. வேறு விஷயம் கிடைக்காமல், தொலைபேசி நிலையத்துக் கதையை ஆரம்பித்தாள்.

"ஒருநாள் மூணு நிமிஷக் கால் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். பேசினவர் கப்பல்ல சமையல்காரர், அவர் சம்சாரம் ஊர்ல இருந்தாங்க. நாங்க ஒட்டுக்கேக்கக் கூடாது. லைன் இருக்கான்னு மட்டும் பாக்கணும். பாத்தா, ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல. அவர் 'அப்புறம்?'ங்கறார். அந்தம்மா 'அப்புறம்?'ங்கறாங்க. மறுபடி அவர் 'அப்புறம்?' மூணு நிமிஷமும் அதேதாங்க. எனக்குத் துண்டிக்க மனசே வரல. கடிகாரத்தப் பாக்காத மாதிரி இன்னும் ஒரு நிமிஷம் விட்டுட்டேன்."

பென்சில் சத்தம் நின்றிருந்தது. அவள் ஒரு பீன்ஸை நார் உரித்தாள்.

"அப்புறம்?" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் பேர் எத்தனையோ ஆயிரம் பேரிடம் கேட்ட வார்த்தை. அவள் காதில் ஹெட்போன் வழியாகத்தான் விழுந்திருக்கிறது. அவளைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

"அப்புறம்... அப்புறம் நிறைய இருக்குங்க" என்றாள். பீன்ஸ் தீர்ந்து வெகுநேரம் ஆகியும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெயிண்ட் காய்ந்துவிட்டது. கண்ணாடி தெளிந்து, காது கெட்டியாக ஒட்டியிருந்தது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

அறைக்குப் போக இனிக் காரணம் இல்லை. நேற்று சீக்கிரம் தீர்ந்துபோன அதே அளவு பீன்ஸ் இன்று தீரவே மாட்டேன் என்றது. ரேடியோவில் ஒருவர் மண்வளம் பற்றிப் பேசினார். "அப்புறம்?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் மண்வளத்திலேயே இருந்தார்.

"இன்னைக்குப் புழுக்கம் இல்லையா?" என்று சாப்பிடும்போது கணவர் கேட்டார்.

"இல்லீங்க, நல்லாக் காத்து வருது."

"ம்."

மூன்றாம் நாள், தூசு தட்டும்போது துணி படவும் வண்டியின் பின் பம்பர் கழன்று அவள் கையில் விழுந்தது.

"பற்பசை போட்டு அழுத்தித் தேய்ச்சதுல ஆட்டம் கண்டிருக்கும்" என்று அவளே முடிவுக்கு வந்து, மறுபடி கடைக்கு ஓடினாள்.

"கவலப்படாதீங்கம்மா" என்றார் கடைக்காரர். "இதைவிட வினோதமெல்லாம் பாத்திருக்கேன். ஒருத்தர் குட்டிக் காருக்கு நெஜப் பெட்ரோல் வாசனை வேணும்னார். இன்னொருத்தர் ஒட்டாத பசை இருக்கான்னு கேட்டார். ஒரு அம்மா, பொம்மை டிரைவருக்குத் தன் அண்ணன் ஜாடை வரணும்னு ஃபோட்டோவோட வந்தாங்க. நீங்க தேவலை. பம்பருக்கு ரெண்டு இடத்துல பசை வச்சுத் துணி கிளிப் மாட்டி விடுங்க. ரெண்டு நாள்."

இரண்டு நாள் காவல். வாளியோடு அறைக்குப் போனால், அலமாரிக்கு எதிரே ஒரு ஸ்டூல் இருந்தது.

"இது எப்ப வந்துச்சுங்க?"

"பல்பு மாத்தப் போட்டேன்."

பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. கிளிப்பை மறைத்தபடி உட்காரும் அவசரத்தில் அவள் மேலே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கதவின் கைப்பிடி விழுந்தது. அதற்கடுத்து முன்விளக்கு, பிறகு ஒரு சக்கரம். அவளும் விடவில்லை. துளிப் பசையைக் குச்சியில் எடுக்கும்போது மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டாள். பெயிண்டுக்கு முன்னால் ஈரத்துணியால் மேடையைத் துடைத்தாள், தூசு பறக்காமலிருக்க. காயும்வரை வண்டிமேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். வேலை சுத்தமாகிக்கொண்டே வந்தது. வண்டி உதிர்ந்துகொண்டே வந்தது.

வேண்டுதலும் ஏறிக்கொண்டே போனது. கைப்பிடிக்குச் சர்க்கரையை விட்டாள். முன்விளக்குக்கு மதிய சீரியலை விட்டாள். சக்கரத்துக்கு, மாடி வீட்டுக்காரியைப் பற்றி ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மிகப் பெரிய தியாகத்தையே செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இந்த விஷயத்தில் கடவுள் வேறு யாருடைய வேண்டுதலையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்த நேரமெல்லாம் வேறு மாதிரி இருந்தது. அவர் 'ம்' குறைந்துவிட்டது. அச்சகத்தில் ஒரு பக்கம் முழுவதையும் தலைகீழாக அச்சடித்துவிட்டு, முதலாளி வந்ததும் எல்லாரும் காகிதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார். சொல்லும்போதே சிரிப்பு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் இத்தனை வருஷம் ஏங்க சொல்லல?"

அவர் வெகுநேரம் துடைத்தார்.

"நீ நாள் பூரா ஊராரோட பேசிட்டு வர்றவ. வீட்லயாவது வாய்க்கு ஓய்வு இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அன்று அவள் பீன்ஸை நறுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகத் தன்னைப் பிடிக்காமல் பேசவில்லை என்று நினைத்திருந்த மனிதர், தன்மேல் இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

இப்படிப்பட்டவரை ஏமாற்றிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? பொய்மேல் போட்ட ஸ்டூல் இது. உண்மையைச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். 'ம்' என்று சொல்லிவிட்டு, வண்டியை மேல் தட்டில் பத்திரமாக வைத்துவிடுவார். அப்புறம் ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. காவல் இருக்காது. அவள் சமையலறைக்கும் மண்வளத்துக்கும் திரும்ப வேண்டியதுதான். இருந்தாலும் உண்மை உண்மைதான்.

புதிதாக அதே சிவப்புக் கார் ஒன்றை வாங்கி அவர் முன்னால் வைத்து, நடந்ததையெல்லாம் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

காலையில் அவர் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்.

"என் மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பாத்தியா?"

"நான் தைச்சுக் கொடுத்ததா? எங்க வச்சீங்க?"

"எங்கயோ" என்று அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமாக இடம், நாள், மணியோடு சொல்பவர்.

வந்து தேடித் தருகிறேன் என்று கிளம்பினாள்.

"வாங்கம்மா! இன்னைக்கு என்ன விழுந்துச்சு?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் விழல தம்பி. அந்தச் சிவப்புக் கார் முழுப் பெட்டியா ஒண்ணு வேணும். இனி ஒட்டறதா இல்ல. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

எதைச் சொல்லப் போகிறாள் என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். பசை டப்பாக்களுக்கு நடுவே, மேசைமேல் ஒரு துணிக்கூடு கிடந்தது. நீலத்தில் மஞ்சள் பூ, பழைய திரைச்சீலைத் துணி. ஓரத்தில் நூல் தீர்ந்துபோய், பாதியிலிருந்து வெள்ளை நூலால் தைத்த தையல். அது அவள் தையல்தான்.

"தம்பி..." கூட்டைக் கையில் எடுத்தாள். "இந்தக் கூடு யாரோடது?"

கடைக்காரர் ஏணியில் இருந்தபடியே குனிந்து பார்த்தார்.

"அதுவாம்மா? ஒட்டாத பசை கேட்டாருன்னு சொன்னேனே, அவர் நேத்து மறந்து வச்சுட்டுப் போனது. துணி பட்டா உதிரணும், ஆனா ஒண்ணும் உடையக் கூடாதும்பார். இப்பப் புதுசா, காய ஒரு வாரம் ஆகற பெயிண்ட் இருக்கான்னு கேக்கறார்!"