மாமனாரைக் குறுக்கு விசாரணை செய்த மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை நலம், கடை நலம், கடை வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்கூட நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம் நீங்கள். நீங்களும் என் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. ஜெயித்தவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கும்போதே கேட்டேன், "பத்திரம், பாகப்பிரிவினைன்னு கௌரவமான கேஸெல்லாம் இருக்க, கிரிமினல் கேஸ் எதுக்கு மாப்பிள்ளை?" என்று. "மனசுக்கு நிறைவா இருக்கு மாமா" என்றீர்கள். பெயின்ட் வியாபாரிக்குத் தெரிந்த நிறைவு டப்பா நிறைவதுதான். வயசு கம்மி, போகப்போகச் சரியாகிவிடுவார் என்று விட்டுவிட்டேன். அங்கே பண்ணின தப்பு.

பக்கத்து மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டரை ஒருத்தன் சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போனதைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்தவன் நான். பச்சைச் சட்டை. அரை மணி நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து பச்சைச் சட்டை போட்ட தச்சர் ஒருவரைப் போலீஸ் கூட்டிவந்தது. ஸ்கூட்டர் அவரிடம் இல்லை, ஒளித்துவிட்டார் என்றோம். நான் அடையாளம் காட்டினேன், அவர் நாலு மாதம் உள்ளே இருந்தார். ஊரில் இத்தனை வக்கீல் இருக்க, அவருக்கு வாதாட நீங்களா கிடைக்க வேண்டும்? கேட்டால், "சாட்சி என் மாமனார்னு நீதிபதிகிட்டயும் சொன்னேன், தச்சர்கிட்டயும் சொன்னேன், ரெண்டு பேருமே பரவாயில்லைன்னுட்டாங்க மாமா" என்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சரி, கூண்டில் ஏறினேன். வீட்டில் "மாமா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று உபசரிக்கிற வாய், அங்கே என்னை "சாட்சி" என்கிறது! கண் நல்லா தெரியுமா என்று கேட்பீர்கள், வயசைக் கிளறுவீர்கள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்களோ சிரித்துக்கொண்டே, "உங்க கடையில கலர் பார்க்கிறவங்களுக்கு என்ன சொல்வீங்க?" என்றீர்கள். வியாபாரமாச்சே, வாய் சும்மா இருக்குமா? "கடை விளக்குல பார்க்காதீங்க, வெளியே வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்கன்னு சொல்வேன்" என்றேன். "ஏன்?" "மஞ்சள் விளக்குல வெளிர் நீலம்கூடப் பச்சையாத் தெரியும்." "மருந்துக்கடை வாசல்ல என்ன விளக்கு?" அதோடு என் கதை முடிந்தது. பிரஷ் கழுவிக் கொடுக்கிற வேலையிலிருந்து ஆரம்பித்து, இருபத்தேழு வருஷம் பாடுபட்டு, சொந்தக் கையால் சம்பாதித்த ஒரே ஒரு நல்ல புத்தி. அதைவைத்தே என்னை அடித்தீர்கள்.

இப்போ கடைத்தெருவில் தலைகாட்ட முடியலை. வர்றவன் போறவனெல்லாம் டப்பாவைத் தூக்கி, "முதலாளி, இங்கயே பார்க்கலாமா, கோர்ட்டுக்குக் கொண்டு போகணுமா?"ங்கிறான். மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கிறார். உங்க அத்தை துணி மடிக்கும்போது, "இது என்ன கலர்னு வெளியே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க"ங்கிறாள். பெத்த மகளே போன்ல, "அவர் கேட்டது நல்ல கேள்விதானேப்பா"ங்கிறாள்.

தீர்ப்பு அன்றைக்குப் படிக்கட்டில் மறித்து மறுபடி கேட்டேன், இதில் என்னய்யா நிறைவு என்று. "நீதிபதி போகலாம்னு சொன்னதும், அந்தத் தச்சர் பக்கத்துல இருந்த போலீஸ்காரரைப் பார்த்து 'போகட்டுமா?'ன்னு கேட்டாரே, பார்த்தீங்களா மாமா? அதுக்குத்தான்" என்றீர்கள். என் கடையில் தினம் நூறு பேர் "போகட்டுமா" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு ஒரு நிறைவும் வந்ததில்லை.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வேலையை விட்டுவிட்டு என் கடையில் வந்து உட்காருங்கள். முடியாதென்றால் இந்த வாசற்படி மிதிக்க வேண்டாம். மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் தணிந்த பிறகு வந்து சேரும்.

இப்படிக்கு,
சாட்சி

பி.கு.: நேற்று சாயங்காலம் என் வெளிர் நீலச் சட்டையை உங்கள் அத்தையிடம் கொடுத்து, மருந்துக்கடை விளக்கடியில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். "இந்த வயசுல என்ன கூத்து இது?" என்று திட்டிக்கொண்டே பிடித்தாள். கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தச்சரைக் கூட்டிவந்தபோது நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. போலீஸ்காரர், "இவன்தானே?" என்றார். கடைக்கு வருகிறவர் ஒரு கலரைக் காட்டி "இதுதானே?" என்றால், "இதேதான்" என்று சொல்லியே பழகிய வாய். அதே மாதிரி சொல்லிவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு நாலு மாதம் போயிருக்காது.

மேலே எழுதியதெல்லாம் கணக்கில்லை. இரண்டு மணி நேரம் எழுதியதைக் கிழிக்க மனசு வராததால்தான் அனுப்புகிறேன். வேலையை விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்தத் தச்சர் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் அவரைப் பார்த்து நான்தான் "போகட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை பக்கத்தில் நில்லுங்கள், போதும்.