வரம் ஒப்படைக்கும் மனு

கல்லேரிச் சபையின் கோயில் கூரை ஒழுகியதற்கும் ஆண்டவர் கொடுத்த வரங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது அவசியமாகிறது. எழுதுகிற நான் அந்தச் சபைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி ஐந்து மைல் நடந்தால் எங்கள் ஊர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாதம். எங்கள் குருவானவர் (ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) மாதம் ஒருமுறை பெரம்பலூரிலிருந்து, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ்ஸில் வருவார். மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து தள்ளிவிட்டு, முகத்தில் கரியோடு பிரசங்கபீடம் ஏறுவார். அந்த மாதம், “ஆண்டவர் வரம் கொடுக்காத மனுஷன் ஒருத்தனும் கிடையாது. எல்லாரும் அவரவர் வரத்தைச் சபைக்குக் கொண்டுவாங்க” என்று பேசினார். நல்ல பிரசங்கம். ஆனால் எப்படிக் கொண்டுவருவது என்று சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதைச் சொல்லச் சபைச் செயலாளர் ஜான் செல்லப்பன் இருந்தார். எங்கோ ஒரு தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் எழுதித் தேய்ந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கெட்டவர் அல்ல. காகிதத்தில் ஏறாத ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் மனம் ஒப்பாது, அவ்வளவுதான். அரிசிக்கும் சர்க்கரைக்கும் கார்டு வந்துவிட்ட காலம் வேறு.

“சீமெண்ணெய்க்கே பதிவு இருக்கு. தெய்வ வரத்துக்கு இல்லேன்னா நமக்குத்தானே கேவலம், வாத்தியாரே?” என்றார் என்னிடம்.

எனக்கும் கேவலமாகத்தான் பட்டது. பதிவேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மேஜை போட்டோம். வயது வந்த அறுபத்து மூன்று பேரும் வரிசையில் வந்து தத்தம் வரத்தைப் பதிந்து ஆளுக்கொரு கார்டு பெற்றுக்கொண்டார்கள். பிரசங்கம் பன்னிரண்டு, சங்கீதம் பன்னிரண்டு, தீர்க்கதரிசனம் ஆறு, நிர்வாகம் ஒன்று (அது செல்லப்பன்). ஆலோசனை கூறும் வரம் முப்பத்தொன்று. இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை ஆலோசனை இருந்தும் நாம் முன்னேறாமல் போனது எப்படி என்று செல்லப்பனே ஆச்சரியப்பட்டார். என் வரமும் ஆலோசனைதான். கார்டு எண் பதினேழு.

கடைசியாக வந்தவள் ஆண்டாயி. கணவனை இழந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கோயிலைப் பெருக்குவது அவள்தான். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பதும் அவள்தான்.

“உனக்கு என்ன வரம், ஆண்டாயி?”

“எனக்கு என்னங்க சார் வரம்? இருக்கிற வேலையச் செய்யறேன்.”

“இருக்கிற வேலைன்னு பட்டியல்ல ஒண்ணும் இல்லையே.”

“இல்லேன்னா இல்லேன்னு எழுதிக்குங்க. உலையில அரிசி போட்டுட்டு வந்திருக்கேன்.”

செல்லப்பன் ‘வரம்: இல்லை’ என்று எழுதிக் கார்டைக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து, பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த மூன்று விதிகளோடு விதி எண் நாலு பிறந்தது. சங்கீத வரம் பதிந்த சாமிதுரை வழக்கம்போல மணி அடித்துக்கொண்டிருந்ததைச் செல்லப்பன் பார்த்துவிட்டார். ‘ஒரு வரத்தைப் பெற்றவர் அவ்வரத்துக்குப் புறம்பான வேலையில் கைவைப்பது, வரத்தை அருளியவரை அவமதிப்பதாகும்’ என்று எழுதிக் கதவில் ஒட்டினார். அன்று முதல் சாமிதுரை மணி அடிக்கவில்லை. தண்ணீர் சேந்துகிறவர் சேந்தவில்லை, பாய் விரிக்கிறவர் விரிக்கவில்லை. யாருக்கும் இதில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வரம் பதியாதவள் ஒருத்தி இருந்தாளே, அவளை விதி தடுக்கவில்லை. அத்தனையும் ஆண்டாயி தலையில் வந்து விழுந்தது.

ஐப்பசி பிறந்தது. ஆண்டாயியின் மகள் சின்னம்மாளுக்கும் பெரம்பலூர்ப் பக்கத்துச் செல்லக்கண்ணுவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். பத்து நாள் லீவு. மூன்று வாரமும் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை தாலி கட்டி, வெள்ளிக்கிழமை அவன் அரியலூரில் ரயில் ஏற வேண்டும். அதை விட்டால் அடுத்த லீவு எப்போது, ஆள் திரும்பி வருவானா என்பதெல்லாம் சண்டை போடுகிறவர்களுக்கே தெரியாத காலம்.

ஞாயிறு ராத்திரி பெய்த மழையில் கோயில் கூரை பீடத்துக்கு நேர் மேலே பொத்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் ஊரே கூடி, கரும்பின் காய்ந்த தோகையான சோகையைக் கட்டிச் சுமந்து, மத்தியானத்துக்குள் வேய்ந்துவிட்டுக் கூழ் குடிப்போம். இந்த வருஷம் கூரை வேயும் வரம் யாரிடமும் இல்லாததால் வேயவில்லை. பீடத்தில் சேறு. குருவானவரோ கோயிலுக்கு வெளியே மணமுடித்து வைக்கமாட்டார்.

திங்கட்கிழமை காலை ஆண்டாயி சோகைக் கட்டோடு வந்து நின்றாள். ஆலோசகர்கள் நாங்கள் முப்பத்தொரு பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தோம். கீழ்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பதினாறு பேர் கருதினோம். மேலிருந்து என்பது மற்றவர்கள் கருத்து.

ஆண்டாயி எங்களைப் பார்த்தாள். பிறகு நேரே செல்லப்பனிடம் போனாள்.

“சார், இது இருபது ஆள் வேலை. நான் ஒருத்தி ஏணியப் புடிப்பேனா, மேல ஏறுவேனா?”

“கஷ்டந்தான். ஆனா விதி நாலு இருக்கே, ஆண்டாயி.”

“நான் மட்டும் எப்படிச் செய்யறேன்?”

“உனக்கு வரம் இல்லையே.”

“அப்ப அவங்களும் வரம் இல்லாதவங்களா ஆயிட்டா ஏணியில ஏறலாமுங்களா?”

செல்லப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதியை ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“வரத்தை ஒப்படைக்க மனு போட்டால் பரிசீலிக்கலாம். இரண்டு நகல் வேணும்” என்றார்.

ஆண்டாயி வீடு வீடாக ஏறினாள். மனு எழுத நான் கூடவே போனேன். முதல் வீடு அரியமுத்துவுடையது. இந்த வட்டாரத்தில் அவனைப்போலக் கூரை வேய ஆள் கிடையாது. அவன் பதிந்திருந்தது பிரசங்கம்.

“எக்கா, ஊரறியப் பதிஞ்சுட்டேன். இப்ப வரமே இல்லேன்னு எழுதிக் குடுத்தா நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“ஒன் பொண்டாட்டி ரெண்டு நாளு வலியில துடிச்சப்ப என்னை வந்து கூப்புட்டியே, அப்ப என்னா வரம்னு கேட்டியாடா?”

அரியமுத்து எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எங்க கைநாட்டு வைக்கணும், வாத்தியாரே?” என்றான்.

காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“கூரை ஒழுவுதுன்னு எழுதுங்க.”

செவ்வாய் விடிந்ததும் செல்லப்பன் வீட்டு வாசலில் வரிசை நின்றது. வரம் வாங்க நின்ற அதே வரிசை, ஆண்டாயி ஒருத்தி நீங்கலாக. பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கள் சங்கீதத்தை ஒப்படைத்தார்கள். தீர்க்கதரிசிகள் ஆறு பேரும் இப்படி நடக்கும் என்று முன்பே தெரியும் என்றார்கள். நான் என் ஆலோசனையைக் கொடுத்துவிட்டு வந்தபோது உடம்பு லேசானதுபோல இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். செல்லப்பன் ஒவ்வொரு மனுவிலும் முத்திரை குத்தி, கடைசியில் யோசித்துப் பார்த்துத் தன் நிர்வாக வரத்தையும் தானே தன்னிடம் ஒப்படைத்து, அந்த மனுவையும் தானே பெற்றுக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தார்.

மத்தியானத்துக்குள் கூரை முடிந்தது. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அரியமுத்து மேலிருந்து கையை நீட்டினால் சோகை வந்தது, நார் வந்தது, தண்ணீர் வந்தது. சாமிதுரை தானாகவே பாட ஆரம்பித்தான், எல்லோரும் கூடப் பாடினோம். ஆண்டாயி கூழ் ஊற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை குருவானவர் கரியோடு வந்து இறங்கினார். புதுக்கூரையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

“பார்த்தீங்களா, ஆவணிப் பிரசங்கத்தின் பலனை! இத்தனை வரங்கள் சேர்ந்து உழைச்சா ஆகாதது உண்டா?”

“மன்னிக்கணும், ஐயரே. வேய்ந்தவர்களில் வரமுள்ளவர் ஒருவரும் இல்லை. அறுபத்திரண்டு மனுவும் கோப்பில் இருக்கு” என்றார் செல்லப்பன், பொய் பேசி அறியாதவர்.

குருவானவர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு மணமக்களை அழைத்துவரச் சொன்னார். தாலி கட்டும்போது வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ரயில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மறுபடியும் வரிசை. எல்லோரும் வரத்தைத் திரும்பப் பெற வந்திருந்தோம். கூரைதான் முடிந்துவிட்டதே. ஆலோசகர்கள் முப்பத்தொரு பேரும் முன்னால் நின்றோம். என் பழைய எண் பதினேழே எனக்குக் கிடைத்தது.

வரிசை முடிந்தபின் ஆண்டாயி வந்து மேஜைமேல் தன் கார்டை வைத்தாள்.

“எனக்கும் ஒரு வரம் எழுதுங்க சார்.”

“என்ன வரம்?”

“ஆலோசனை.”

“ஆலோசனை சொல்ல உனக்கு என்ன தகுதி இருக்கு, ஆண்டாயி?”

“மத்த முப்பத்தொரு பேருக்கு என்னா இருந்துச்சோ அதாங்க.”

செல்லப்பன் பதிவேட்டைப் புரட்டினார். தகுதிக்கு நான் கோடு போட்டிருக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். ஆண்டாயி கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய், வாழ்க்கையில் முதல்முறையாக முன்பாயில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து சிதறிக் கிடந்த பூவையும் குப்பையையும் பார்த்தாள்.

“கோயிலப் பெருக்குங்க” என்றாள். அதுதான் அவளுடைய முதல் ஆலோசனை.

மிகச் சிறந்த ஆலோசனை என்று நாங்கள் அனைவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டோம். அரியலூர்ச் சந்தையில் விளக்குமாறு ஒன்று வாங்குவது நல்லது என்று நான் கூடுதலாக ஓர் ஆலோசனை கூறினேன். அதுவும் ஏற்கப்பட்டு வாங்கப்பட்டது. பீடத்துக்கு இடப்பக்க மூலையில் சாத்தி வைத்திருக்கிறோம். தை பிறந்துவிட்டது. விளக்குமாறு இன்னும் புதிதாகவே இருக்கிறது.