பூட்டுக்காரரின் பதில் அட்டை

ஐந்தா, ஆறா என்பதுதான் தகராறு.

நூலகத்து வாசற்படிகளைப் பூட்டுக்காரர் மூன்றாவது தடவையாக எண்ணினார். மேலிருந்து இறங்கினால் ஐந்து வந்தது. கீழிருந்து ஏறினால் ஆறு வந்தது. தரையோடு தரையாக ஒரு கல் கிடந்தது. அது படியா, வெறும் கல்லா என்று எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை.

கையிலிருந்த அட்டையில் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது: ‘நூலகத்துக்கு எத்தனை படிகள்?’

இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். கிராமங்களுக்குள் புகுந்து, சமவெளியைக் கடந்து, மலைக் கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மாலை ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நடுவில் எவனும் லாரியில் ஏறி வந்துவிடக் கூடாது என்று வழியில் மூன்று கேள்விகள் வைத்திருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தவனுக்குத்தான் பதில் தெரியும். மனிதனை நம்பாமல் போட்ட விதி. அதனாலேயே பூட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷமாகப் பூட்டு ரிப்பேர். “சாவி தொலைஞ்சு போச்சு, வந்து கதவைத் திறந்து விடுங்க” என்று எவன் வந்து நின்றாலும், அது அவன் வீடுதானா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் கிளம்ப மாட்டார். அன்று காலை கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்தி வைத்து ஏதோ அறிவிப்பு சொன்னார்கள். அதையும் அவர் கேட்கவில்லை. தன் சைக்கிளுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

இது மூன்றாவது முயற்சி. இரண்டு தடவை நேரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளையோ போன வருஷம் முதல் தடவையிலேயே முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். போன வாரம் சாப்பிடும்போது, “மாமா, எதுக்கு இந்த வயசுல மலையெல்லாம்? ஒரு சான்றிதழ்தானே, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்துடறேன்” என்றார். மகள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சொன்னதுகூடப் பரவாயில்லை. பெற்ற பெண் சிரித்தது பூட்டுக்காரருக்குள் முள்ளாகத் தைத்து நின்றது.

“எத்தனை சார் வருது?”

பின்னால் பல் டாக்டரம்மா நின்றாள். ஐம்பது வயசிருக்கும். கிளம்பியதிலிருந்து அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். இளவட்டங்கள் எல்லாம் சர்ரென்று தாண்டிப் போய்விட, இந்தம்மா மட்டும் ஒட்டிக்கொண்டாள். பல் டாக்டர் இல்லையா, வாயைத் திறக்க முடியாத நேரமாகப் பார்த்துத்தான் கேள்வி கேட்டாள். மேட்டில் மூச்சு வாங்கும்போது, “சாருக்கு எத்தனை பிள்ளைங்க?” என்பாள்.

பூட்டுக்காரர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நீங்களே எண்ணிக்கங்க.”

“எனக்கு முட்டி வலிக்குது சார். சும்மா சொல்லுங்களேன்.”

‘காப்பி அடிக்கவா வந்திருக்கே?’ என்று நினைத்துக்கொண்டு, “ஏழு” என்றார்.

அவள் அடக்கமாக எழுதிக்கொண்டாள். அவர் திரும்பி நின்று ‘ஐந்து, ஒரு கல்’ என்று எழுதினார்.

கிளம்பலாம் என்று பார்த்தால் சாவியைக் காணோம். சைக்கிளை நூலகத்துக் கம்பியோடு சேர்த்து நான்கு கிலோ சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார். ‘இதை எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது’ என்று சொல்லிச் சொல்லி விற்கும் பூட்டு அது. ஒரு கம்பியை வளைத்துக் குடைந்து பார்த்தார். கால் மணி நேரம் போனது. இத்தனை வருஷமாகத் தான் சொன்னது நிஜம்தான் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வலது கால் சாக்ஸ்ல பாருங்க சார். அங்கதானே செருகினீங்க?”

சாவி அங்கேதான் இருந்தது. சந்தோஷத்துக்குப் பதிலாக அவருக்குத் திக்கென்றது. தான் சாவி வைக்கும் இடத்தையே பார்த்து வைத்திருக்கிறாள் என்றால், அட்டையைப் பார்க்காமலா விட்டிருப்பாள்?

சமவெளியில் காற்று எதிரே அடித்தது. தொண்ணூற்றாறாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். ‘பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்ன நிறம்?’ என்பது இரண்டாவது கேள்வி. உச்சி வெயிலில் பெயிண்டர் ஒருவர் பாதிச் சுவரில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் மஞ்சள்.

“என்ன கலருய்யா இது?”

“காலைல மஞ்சள். சாயங்காலம் வந்தா நீலம்.”

“இப்போ என்னன்னு கேக்கறேன்!”

“இப்போ வேலை நடக்குது.”

“கொஞ்சம் நிறுத்தி வையேன்யா. ஒரு நாள் மஞ்சளாவே இருந்தா பாலம் இடிஞ்சா விழும்?”

“நீங்க மேஸ்திரிகிட்ட பேசுங்க” என்று அவர் தூரிகையை நனைத்தார்.

பூட்டுக்காரர் ‘மஞ்சள், ஆனால் நீலம்’ என்று எழுதினார். டாக்டரம்மா வந்து இறங்கினாள். சுவர் கண்ணெதிரே இருக்கும்போதே, “என்ன கலர் சார்? கண்ணாடி கொண்டு வரலை” என்றாள்.

“பச்சை.”

“ரெண்டையும் கலந்தா அதுதான் வரும்” என்றார் பெயிண்டர்.

அதையும் எழுதிக்கொண்டாள். ஒரு பத்து கிலோமீட்டர் போன பிறகுதான் பூட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்கு ஏழு படியும் பச்சைச் சுவரும் தப்பு என்று இவளைப் பிடித்தால் என்ன சொல்வாள்? ‘இவர்தான் சொன்னார்’ என்பாள். காப்பி அடித்தவளையும் தள்ளுவார்கள், காட்டியவனையும் தள்ளுவார்கள். ஆக, இவளோடு சேர்ந்து போய் இறங்கவே கூடாது. கழற்றிவிட வேண்டும்.

சோளக்காட்டுக்கு நடுவே இடது கைப்பக்கம் ஒரு கிராமத்துப் பாதை பிரிந்தது. சடக்கென்று திரும்பினார். அந்தப் பாதை ஒரு கிணற்றடியில் முடிந்தது. அங்கிருந்த நாய்க்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்னொரு பாதையில் போனார். அது சுற்றிக்கொண்டு பழைய கிணற்றுக்கே வந்தது. அதே நாய், இந்தத் தடவை அண்ணன் தம்பிகளோடு நின்றது. பூட்டுக்காரர் அன்று முழுக்க மிதித்ததிலேயே வேகமாக மிதித்தது அப்போதுதான். ஒன்பது கிலோமீட்டர் வீணாகி, ஒரு வழியாகப் பெரிய சாலையில் வந்து விழுந்தார்.

முனையில் மரத்தடியில் டாக்டரம்மா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“ஊரைச் சுத்திப் பாத்தீங்களா சார்? நல்ல ஊராம்ல?”

அவர் நிற்காமல் மிதித்தார். திட்டக்கூட மூச்சு இல்லை.

மலையடிவாரத்தை அடையும்போது மணி மூன்று. கணவாய்க்குப் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது வளைவில் இறங்கித் தள்ளினார். ஐந்தாவதில், இந்தச் சங்கிலிதான் எமன் என்று புரிந்தது. எறிந்துவிடலாம் என்றால் மனசு வரவில்லை. யாராவது எடுத்துப் போய்விட்டால்? ஒரு கிலோமீட்டர் கல்லில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாவது வளைவில் கால் மரத்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். இதற்கு மேல் ஒரு அடிகூட முடியாது. மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் அடித்துத் தரட்டும். மகள் சிரிக்கட்டும். எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

டாக்டரம்மா மெல்ல ஏறி வந்து நின்றாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

“முடியலையா சார்? பரவாயில்லை, ஒண்ணும் தப்பில்லை. அப்படியே உக்காந்துக்கங்க. உங்களுக்குத்தான் இனிமே அட்டை வேண்டாமே, அதை எங்கிட்ட குடுத்துடுங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு நிதானமாப் பாத்துக்கறேன்.”

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

“செத்தாலும் குடுக்க மாட்டேன்!”

“ஒரே ஒரு தடவை சார்…”

“கிட்ட வராதீங்க!”

எட்டாவது வளைவில் அவள் “சார்!” என்றாள். அவர் திரும்பவில்லை. ஒன்பதாவதில், “அந்தப் படி மட்டும் ஏழுதானான்னு ஒரு சந்தேகம் சார்” என்றாள். அவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். பத்தாவதும் பதினொன்றாவதும் எப்போது போயின என்றே தெரியவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ‘கணவாய்ப் பலகையில் என்ன உயரம் எழுதியிருக்கிறது?’ பார்த்தார், எழுதினார். மணி ஐந்தரை. டாக்டரம்மா வந்து சேர்ந்து, தன் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்கினாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் தனக்குக் கொடுத்துவிட்டவள் என்பது பூட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

“டாக்டரம்மா… படி ஏழு இல்ல. அஞ்சுதான். ஒரு கல்லு உபரி. சுவரும் பச்சை இல்ல. மாத்தி எழுதிக்கங்க.”

அவள் அவரையே பார்த்தாள். “ரொம்ப தேங்க்ஸ் சார். அப்போ மூணாவது?”

“பலகை உங்க தலைக்கு மேலதானே இருக்கு!”

“கண்ணாடி கொண்டு வரலையே சார்.”

இரக்கப்பட்டால் இப்படித்தான். அட்டையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, தன் பிரேக்கைக்கூட நம்பாத மனிதர், பிரேக்கைத் தொடாமலே மலையிறங்கினார்.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினார். டாக்டரம்மா ஒரு சக்கர நீளம் பின்னால். மேஜையில் இருந்தவர் அட்டையில் முத்திரை குத்தினார். மாப்பிள்ளை ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அவர் பின்னால் நின்ற மகள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா! மலையை எப்படி மாமா ஏறுனீங்க?”

“மலையாவது ஒண்ணாவது, மாப்பிள்ளை! இந்தம்மாகிட்டேருந்து அட்டையைக் காப்பாத்துனதுதான் பெரும்பாடு!” பூட்டுக்காரர் மேஜைப் பக்கம் திரும்பினார். “எழுதிக்கங்க. நாள் முழுக்க என் பின்னாடியே வந்து, பதிலைக் காட்டு, பதிலைக் காட்டுன்னு ஒரே தொல்லை!”

முடிவுக் கோட்டுக்கு மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

“என்னக்கா, கடைசியா வர்றவங்களை நேரத்துக்குள்ள கொண்டுவந்து சேக்க வருஷத்துக்கு ஒரு வித்தை வெச்சிருக்கீங்க. கேள்வி மூணையும் எழுதுனதே நீங்கதானே, அவர்கிட்டயா போய் பதில் கேட்டீங்க?”