வீதிக்கு அப்பால் தெரிந்த முகம்

கண்டி நகரத்தில் நல்ல படங்களைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர் இருந்தாரென்றால், அது எங்கள் கறுப்புத்திரை அண்ணன்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியின் திருகோணமலை வீதியில் நான் நடத்திய கம்பியூட்டர் டைப்பிங் கடையில் வேலை பார்த்தார். மவுஸைத் தொடமாட்டார். கறுப்புத் திரையைத் திறந்து, ஒற்றை வரிக் கட்டளையோடு படத்தின் பெயரையும் தட்டி என்டரை அழுத்துவார். படம் எழுத்துகளாகி மேலிருந்து கீழே இறங்கும். இருட்டான இடமெல்லாம் # என்கிற ஹாஷ் குறி, வெளிச்சமான இடமெல்லாம் புள்ளி. என் கண்ணுக்கு எறும்புக் கூட்டம்.

"என்னங்க இது?" என்பேன்.

"தள்ளி நிண்டு பாருங்கோ தம்பி," என்பார். கடையோ ரயில் பெட்டி அகலம். தள்ளி நின்றால் முதுகில் சுவர் இடிக்கும்.

கம்பளை மளிகைக்காரர் ஒருவர் மகளின் கல்யாண வீடியோ சீடியைப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்தபோது அண்ணன் அதையும் எழுத்துகளாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஹாஷ் கூட்டம் இன்னொரு ஹாஷ் கூட்டத்தின் மேல் சாய்ந்தது. மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இதுல பொண்ணு யாரு, ஐயர் யாரு?" என்று என்னைக் கேட்டார். சத்தியமாக எனக்கும் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் கடையோடு நின்றிருக்கலாம். ஆனால் அப்போது போர்க்காலம்; நகரில் சோதனை கடுமை. ஒருநாள் காலை பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் உள்ளே வந்தார். அண்ணன் அப்படியொரு எழுத்துப் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாள் அவர் கண்ணில் பட்டது. சிங்களமில்லை, தமிழில்லை, இங்கிலீஷுமில்லை. இரகசியச் செய்திதான் என்று முடிவுகட்டி, அண்ணனை வாசிக்கச் சொன்னார். அதை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான்.

அண்ணனும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்: "ஹாஷ், ஹாஷ், புள்ளி, புள்ளி, ஹாஷ்." நானும் வரி தவறாமல் மொழிபெயர்த்தேன். மூன்றாம் வரியில் சார்ஜன்ட் அவரை ஜீப்பில் ஏறச் சொன்னார். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய வடக்கத்தி ஆள் எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது.

"சார்ஜன்ட் சேரைக் கொஞ்சம் தள்ளி நிண்டு பாக்கச் சொல்லுங்கோ," என்றார் அண்ணன்.

துப்பாக்கி வைத்திருப்பவரைப் பின்னால் போங்கள் என்று எப்படிச் சொல்வது? கும்பிட்டபடியே சொன்னேன். தாளைக் கழற்றி வாசலில் பிடித்தேன். சார்ஜன்ட் படி இறங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எரிச்சலோடு வீதியையே கடந்து, எதிர்த் தேநீர்க்கடை வாசலில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தாளில் தெரியும் அந்தப் பெண் யார் என்று அங்கிருந்தே கேட்டார்.

"அம்மா," என்றார் அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாக, "யாழ்ப்பாணத்தில இருக்கிறா. பாதை பூட்டிக் கிடக்கு."

சார்ஜன்ட் கிட்டே வந்து இன்னொரு முறை பார்த்தார். மறுபடி எறும்புக் கூட்டம். தலையைச் சொறிந்துகொண்டு ஜீப்பில் தனியாக ஏறிப் போனார்.

நான் தாளைச் சுருட்டப் போனேன். "பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ," என்று சொல்லிவிட்டு அண்ணன் வீதியைக் கடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: எங்கள் ரயில் பெட்டிக்குள் அவரும் அந்த முகத்தை ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. நடுவில் மடவளை பஸ் ஒன்று வந்து நின்றது. அது நகரும்வரை அவர் நகரவில்லை. எனக்குக் கை வலித்தது. இறக்க மனம் வரவில்லை.

அன்றே அந்தத் தாளை வீதியைப் பார்க்க வாசல் கண்ணாடியில் ஒட்டினேன். அதன்பிறகு அண்ணன் தேநீர் குடிக்க எதிர்க்கடைக்குத்தான் போவார். ஆறவைத்து ஆறவைத்துக் குடிப்பார். எவ்வளவு வேலை குவிந்து கிடந்தாலும் நான் அவரைக் கூப்பிட்டதில்லை.