இடது முன்னங்கால்

“நொண்டுது,” என்றார் மாட்டு டாக்டர்.

வண்டிக்காரருக்குக் காதே அடைத்துவிட்டது. கையில் பிடித்த கயிற்றோடு, மாவு மில்லின் கல் பாவிய முற்றத்தில் அப்படியே நின்றார். பக்கத்தில் நின்ற மந்திரியோ, யாரைப் பற்றியோ பேச்சு நடப்பதுபோல வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த மில்லின் மாவு மூட்டைகளைக் கடை கடையாகக் கொண்டு சேர்த்த குதிரை அது. அதன் நடையிலிருந்த நிதானத்தைப் பார்த்து மந்திரி என்று பெயர் வைத்ததே வண்டிக்காரர்தான்.

“எது நொண்டுது?”

“குதிரைதான். இடது முன்னங்கால்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்.”

“பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

வண்டிக்காரருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அரை மணிக்கு முன்னால் இதே மனுஷன்தான் மந்திரியை அங்குலம் அங்குலமாகப் புகழ்ந்தார். தோளில் நல்ல சரிவு என்றார். முதுகு குட்டை, பாரம் தாங்கும் என்றார். கொத்தனார் போல நூலில் குண்டு கட்டித் தோளிலிருந்து தொங்கவிட்டு, முன்னங்கால் இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி நேர் என்றார். நாலு குளம்பையும் தூக்கித் தட்டினார், முட்டிகளை மடக்கி நீட்டினார். “இந்த வயசுல இவ்வளவு சுத்தமான காலை நான் பாத்ததில்ல,” என்று வாயாரச் சொன்னார். தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததுபோல வண்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான், “எங்க, கயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடுங்க பாக்கலாம்,” என்றார். வண்டிக்காரரும் மந்திரியும் முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடித் திரும்பினார்கள். உடனே வந்து விழுந்தது அந்த வார்த்தை.

“ஓடும்போது தலையை ஆட்டுது பாருங்க,” என்று பக்கத்தில் நின்ற மில் முதலாளியிடம் விளக்கினார் டாக்டர். “ஒரு அடி விட்டு ஒரு அடி. வலிக்கிற காலை ஊணும்போதுதான் அப்படி ஆட்டும்.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்,” என்றார் முதலாளி. “இன்னும் அஞ்சு வருஷம் உழைக்குமா, உழைக்காதா? உழைக்காதுன்னா மூட்டை ஏத்த சனிக்கிழமை வேன் வந்துடும். இதை யாராவது கூட்டிட்டுப் போகட்டும்.”

யாராவது கூட்டிட்டுப் போகட்டுமாம். பழைய நாற்காலியா அது, வாசலில் தூக்கிப் போட?

“வண்டியில கட்டிப் பாருங்க முதலாளி. நான் மேல உக்காந்து ஓட்டுறேன். ஒரு நாள் நொண்டினது கிடையாது.”

“வண்டியில கட்டினா பாரத்தோட சேந்து எல்லாம் மறைஞ்சுடும்,” என்றார் டாக்டர். “கையில பிடிச்சு ஓடவிட்டாத்தான் உண்மை வெளிய வரும். வியாழக்கிழமை மறுபடி வரேன். அதுவரைக்கும் லாடத்தைப் பாருங்க.”

அவர் போனதும், வாசல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்த சாக்கு தைக்கிற அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஊசியைப் பாரு.”

மாட்டைப் பார்க்கிற டாக்டர் சொன்னது போதாதென்று சாக்கு தைக்கிறவளும் வேறு சொல்ல வேண்டுமா?

லாடம் அடிக்கிறவர் வண்டிக்காரரின் மச்சினர்தான். சாயங்காலம் வந்தார். இடது முன்னங்கால் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சுற்றிலும் இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். வலித்தால் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். மந்திரி கொட்டாவி விட்டது.

“ஒண்ணும் இல்ல மாமா. எதுக்கும் புது லாடம் அடிச்சுடுறேன். அப்புறம் ஓட்டிக் காட்டுங்க.”

ஓட்டினார். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. முற்றத்தில் ஒரு கல்லாவது மட்டமாக இருந்தால்தானே. எந்தப் புண்ணியவான் பாவினானோ என்று திட்டிக்கொண்டே ஓடினார்.

“மாமா.”

“என்ன?”

“நொண்டத்தான் செய்யுது மாமா.”

“உன் கண்ணுதான் நொண்டுது. ஆணியைக் கோணலா இறக்கிட்டு என் குதிரையைச் சொல்றியா?”

“இருபது வருஷமா லாடம் அடிக்கிறேன். அக்கா முகத்துக்காகச் சும்மா இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, மச்சினர் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போயேவிட்டார். இனி அந்த வீட்டோடு ஒரு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் யாரால்? அந்த டாக்டரால்.

அன்று வீட்டுக்குப் போகுமுன் அரைப் புட்டி தைலத்தை மந்திரியின் காலில் சூடு பறக்கத் தேய்த்தார் வண்டிக்காரர். உள்ளங்கையில் மிச்சமிருந்ததை வீணாக்குவானேன் என்று தன் காலிலும் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி மாடி அறையிலிருந்து ஆள் அனுப்பினார். வண்டிக்காரர் படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டு, மில் முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னார்: “நான் மேல வரமாட்டேன். என் குதிரையைக் குறை சொன்னவங்க கீழ வந்து பேசட்டும்.”

மில்லில் வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன ரோஷம், மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று மாவு சலிக்கிற இடத்தில் சாப்பாட்டு வேளை முழுக்க அதுதான் பேச்சு. முதலாளியே கீழே இறங்கி வந்தார். வந்த கோபத்தில், “வேனுக்குச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை குதிரை நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் நிறுத்துவேன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப மேலே ஏறினார்.

“அண்ணே,” என்றாள் சாக்கு தைக்கிற அக்கா.

“மூச்சு விடாத.”

இனிப் பயிற்சிதான் வழி என்று வண்டிக்காரர் முடிவு செய்தார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல மந்திரியைத் தயார்செய்ய வேண்டும். புதன்கிழமை விடிந்ததும் மில் திறக்குமுன் வந்து கயிற்றைப் பிடித்தார். இருபது சுற்று ஓடினார்கள். மந்திரிக்கு வேர்க்கக்கூட இல்லை. வண்டிக்காரர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கால் நீட்டி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கல்லைத் திட்டினார். பிறகு எழுந்து இன்னும் பத்துச் சுற்று ஓடினார். மந்திரியின் தலை இப்போது இன்னும் பலமாக ஆடியது. அதை அவரே கண்ணால் பார்த்தார்.

அப்படியென்றால் உண்மைதானா? நம்ம மந்திரிக்கா? அந்த நினைப்பு வந்த அதே நிமிஷம் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஊரே சேர்ந்து சொன்னால், பெற்றவனும் பிள்ளையைச் சந்தேகப்பட வேண்டியதுதானா?

வியாழக்கிழமைக்கு ஒரு யோசனை வைத்திருந்தார். தலைதானே ஆடுகிறது? ஆட விட்டால்தானே ஆடும்? கயிற்றை மந்திரியின் தாடைக்கு அடியிலேயே ஒரு சாண் விட்டுக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

இந்தத் தடவை பார்க்க டாக்டரே தேவைப்படவில்லை. ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் மந்திரியின் தலை, கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கி ஏறியது. வேலையை விட்டுவிட்டு ஜன்னல்களில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். முதலாளி தலையில் கை வைத்தார்.

“திங்கக்கிழமை லேசாத்தான் இருந்தது,” என்றார் டாக்டர். “கயித்தை எதுக்கு இவ்வளவு குட்டையாப் பிடிக்கிறீங்க? மறைக்கப் பாக்குறீங்களா?”

வண்டிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னையத் திருடன்னு சொல்றீங்களா?”

“அப்படிச் சொல்லல.”

“சொல்லிட்டீங்க. பன்னெண்டு வருஷம் சார். மழையில, வெயில்ல, ஒரு மூட்டை நனைஞ்சதில்ல. என் குதிரைக்கு வலின்னா எனக்குத் தெரியாதா? நான் சாப்பிடுறதுக்கு முன்னாடி அது சாப்பிட்டுச்சான்னு பாக்குறவன் நான். அதுக்கு வலி இருந்தா நானே வண்டியை இழுத்துட்டுப் போவேன், அதைக் கட்டமாட்டேன்.” மந்திரி மூக்கால் அவர் தோளை இடித்தது. அவர் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

டாக்டருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கையிலிருந்த தாளையும் மந்திரியின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கே புரியல,” என்றார். “குளம்புல சூடு இல்ல, நரம்புல வீக்கம் இல்ல, அமைப்புல ஒரு குறையும் இல்ல. இப்படி ஒரு குதிரை நொண்டவே கூடாது. ஆனா கண்ணால பாத்ததை நான் எழுதித்தானே ஆகணும்?” பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சாக்கு தைக்கிற அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்த முறை அவளை அடக்க வண்டிக்காரரிடம் தெம்பு இல்லை.

“டாக்டரய்யா, எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை,” என்றாள். “நான் நாலு நாளாத் தரையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன், இங்கேருந்து பாத்தாக் காலுங்க மட்டும்தான் தெரியும். ஓடுறது மொத்தம் ஆறு காலு. நீங்க எல்லாரும் நாலையே பாக்குறீங்க. தலையை இழுத்து ஆட்டுறது கயிறு. நொண்டுற காலு மீதி ரெண்டுல இருக்கு.”