ஏழால் பெருக்கக் கூடாத மாப்பிள்ளை

கம்பைநல்லூர்,
கார்த்திகை 25.

மகா-ள-ள-ஸ்ரீ மச்சான் பச்சியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் மல்லையன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாதம்மாளும் சௌக்கியம். அவள் என்னோடு பேசுவதில்லையாகையால் எனக்கு இரட்டைச் சௌக்கியம். அங்கே எல்லோரும் இதைவிட நன்றாயிருக்க மாரியம்மன் துணை.

நிற்க. நீங்கள் பார்த்துச் சொன்ன பையன் தீர்த்தன் போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தான். வந்தோமா, பணியாரம் தின்றோமா, போனோமா என்றில்லை. எங்கள் மகள் சின்னபொண்ணு தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும், சிலேட்டு கேட்டு வாங்கி 142857 என்று எழுதி, அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி, "மாமா, இதை ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் எதால வேணும்னாலும் பெருக்கிப் பாருங்க, இதே ஆறு இலக்கந்தான் திரும்பி வருமுங்க" என்றான். நான் மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், ஆக ஆறாம் வகுப்புக்குச் சமம். விடுவேனா? இரண்டால் பெருக்கினேன், 285714. மூன்றால், 428571. அதே ஆறு பேர், அதே வரிசை. முன்னால் நின்றவன் பின்னால் போய் நிற்கிறான், செக்கு மாடு மாதிரி. மச்சான், நான் சந்தையில் கேழ்வரகு அளக்கிறவன். "லாபம், ரெண்டு, மூணு" என்று, ஒன்றை லாபமாக்கி, ஒரே குவியலை இரண்டு தரம் அளந்தால் ஒரு பிடி கூடக்குறைய வரத்தான் செய்யும். எப்படி அளந்தாலும் பிசகாமல் வந்தால், அளக்கிற வள்ளத்துக்கு அடியில் கள்ளத் தகடு இருக்கிறதென்று அர்த்தம். அதுசரி, ஏன் ஆறோடு நிறுத்தச் சொன்னான்? அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. ஏழால் பெருக்கினேன். 999999! ஆறு பேரில் ஒருத்தனையும் காணோம். ஓடிப்போய் மாதம்மாளிடம் காட்டி, "இந்தா புள்ளே, அவிங்க குறிச்ச கல்யாணத் தேதியும் தை ஏழு, கவனிச்சியா?" என்றேன். "உங்களுக்குக் கேவுரு அளக்கத் தெரியும், அதோட நில்லுங்க" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. பொண்ணும் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதுவும் அந்த எண்ணின் வேலைதான். ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அவர்கள் வூட்டில் பக்குவமாகச் சொல்லிவிடவும்.

அக்காவுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், புதுக் கன்றுக்குட்டிக்கு முதுகில் ஒரு தட்டு.

இப்படிக்கு,
மல்லையன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்கப் போன இடத்தில் சின்னபொண்ணு இதை வாசித்துவிட்டாள். "அப்பா, அந்த எண்ணு அவரோடது இல்லீங்க, என்னோடது. பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா சொன்னது. அவரு தங்கச்சி காசியம்மாகிட்டச் சொல்லியனுப்பி, இதுல என்ன விசேஷம்னு கண்டுபிடிச்சாத்தான் பொண்ணு பாக்க வரணும்னேன். கண்டுபிடிச்சுட்டுத்தான் வந்தாரு" என்கிறாள். "அப்ப ஏழு?" என்றேன். "ஏழைப் பத்திப் பேச்சே எடுக்க வேணாம், எங்கப்பா மெரண்டுக்குவாருன்னு அதையும் நாந்தான் சொல்லியனுப்புனேன்."

மச்சான், கள்ளத் தகடு என் வள்ளத்தில்தான் இருந்திருக்கிறது. எழுதிய தாளை வீணாக்க மனமில்லாமல் இதையே அனுப்புகிறேன். பின்குறிப்பை முதலில் படிக்கவும். தை ஏழுக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். எட்டால் பெருக்கினால் என்ன வருமென்று மட்டும் மாப்பிள்ளையிடம் ரகசியமாகக் கேட்டு எழுதவும். இவளிடம் கேட்கப் பயமாயிருக்கிறது.